அளக்கப்படாத காற்றைப் பற்றிய ஆய்வேடுகள்

வளிமண்டலக் கொந்தளிப்பினூடே லேசர் கற்றை செல்லும் விதம் குறித்துத் தென்னிந்தியாவில் எழுதப்படும் ஆய்வேடுகளை வரிசையாகப் படிப்பவருக்கு இரண்டு எண்கள் விரைவில் மனப்பாடமாகிவிடும். முதலாவது, விநாடிக்கு 21 மீட்டர். உயர்வளியில் வீசும் காற்றின் வேகம் என்று அட்டவணை சொல்லும். இரண்டாவது, 1.7 × 10⁻¹⁴. தரைமட்டக் கொந்தளிப்பின் வலிமை என்று அடுத்த வரி சொல்லும். ஆய்வேடு திருவனந்தபுரத்தில் எழுதப்பட்டதா, திருச்சியில் எழுதப்பட்டதா என்பதைப் பற்றி இந்த எண்களுக்குக் கவலையில்லை. இடவப்பாதி மழையும் மாசி மாத வெயிலும் அவற்றை அசைப்பதில்லை. மூன்றாம் இயலில் நுழைந்து ஐந்தாம் இயலின் வரைபடங்கள் முடியும்வரை அவை அப்படியே நிற்கின்றன.

இவ்வெண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்கும் ஆய்வாளர் குறைவு. ஹஃப்நாகல் 1970-களில் நடு அட்சரேகைப் பகுதிகளின் அளவீடுகளிலிருந்து ஒரு சமன்பாட்டைத் திரட்டினார். வேலி செய்த திருத்தத்தோடு சேர்ந்து அது ஹஃப்நாகல்–வேலி மாதிரி ஆயிற்று. அதன் மிகப் பிரபலமான வடிவத்துக்கு 5/7 என்று பெயர். அரை மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் ஃபிரீட் நீளம் 5 சென்டிமீட்டராகவும், ஒரே அலைமுகத் திருத்தம் செல்லுபடியாகும் கோணம் 7 மைக்ரோரேடியனாகவும் கிடைக்க வேண்டும் என்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவையே அந்த 21-உம் 1.7-உம். அதாவது, எந்த ஊரின் எந்த இரவிலும் ஒருவர் கருவியை நிறுத்தி எடுத்த அளவு அன்று அது. கணக்குகளை ஒப்பிட வசதியாக வைத்துக்கொண்ட ஒரு பொது அளவுகோல். அந்த வேலைக்கு அது நல்ல கருவிதான். அதையே திருவனந்தபுரத்து வானம் என்று எழுதும்போதுதான் அறிவியல் முடிந்து வழக்கம் தொடங்குகிறது.

கோட்பாட்டின்மேல் யாருக்கும் பகையில்லை. 1941-இல் கொல்மொகொரோவ் கொந்தளிப்பின் ஆற்றல் பெரிய சுழல்களிலிருந்து சிறிய சுழல்களுக்கு இறங்கும் விதத்தை மூன்றில் இரண்டு அடுக்கு என்ற ஒரே விதிக்குள் அடக்கியதும், தத்தார்ஸ்கி அவ்விதியை ஒளி அலைகளின் மேல் பொருத்தியதும் 20-ஆம் நூற்றாண்டு இயற்பியலின் அழகிய பக்கங்கள். சூடான காற்றுத் துண்டும் குளிர்ந்த காற்றுத் துண்டும் கலக்கும்போது ஒளிவிலகல் எண் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு அளவே மாறுகிறது. அந்தச் சிறு மாற்றங்கள் கிலோமீட்டர் கணக்கில் சேர்ந்து கற்றையை அலைக்கழிக்கின்றன, விரிக்கின்றன, மினுமினுக்கச் செய்கின்றன. இதை எழுதிக் காட்ட ரித்தோவ் தோராயம் போதும் என்று ஒரு காலத்தில் நம்பப்பட்டது. அதன்படி பாதை நீள நீள, கொந்தளிப்பு கூடக் கூட, மினுமினுப்பும் எல்லையின்றிக் கூடிக்கொண்டே போக வேண்டும்.

போகவில்லை. 1965-இல் சோவியத் ஒன்றியத்தில் கிராச்சேவாவும் குர்விச்சும் தரையை ஒட்டிய நீண்ட பாதையில் ஒளியைச் செலுத்தி அளந்தார்கள். மினுமினுப்பு ஓர் அளவுக்குமேல் ஏறாமல் தேங்கி நின்றது. கோட்பாடு முன்னறியாத விளைவு அது. அதன்பின் அதை விளக்கவே பல பத்தாண்டுகள் பிடித்தன. இன்று ஒவ்வோர் ஆய்வேட்டிலும் கம்பீரமாக வீற்றிருக்கும் காமா–காமா பரவல் 2001-இல் வகுக்கப்பட்டது. வலுவான கொந்தளிப்பையும் தழுவுவது என்பதே அதன் பெருமை. அந்த வலுவான கொந்தளிப்பு எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கண்டறிந்தது பேனா அன்று, வெட்டவெளியில் நிறுத்திய கருவி. இந்த வரலாற்றை முன்னுரையில் ஒரு வரி மேற்கோளாக வைத்துவிட்டு, அடுத்த பக்கத்திலேயே அளவீடு தேவையில்லை என்று நடந்துகொள்பவர் தம் துறையின் பிறப்புச் சான்றிதழைக் கிழித்துப் போடுகிறார்.

இனித் திருவனந்தபுரத்துக்கு வருவோரின் கண்ணில் முதலில் பட வேண்டியது உயரம். ஹஃப்நாகல்–வேலி சமன்பாட்டில் உயர்வளிக் கொந்தளிப்புக்கான உறுப்பு, உயரத்தின் பத்தாம் அடுக்கையும் 1,000 மீட்டருக்கு ஒருமுறை தேயும் அடுக்குச் சார்பையும் பெருக்கிக் கிடைப்பது. வகையிட்டுப் பார்த்தால் அதன் உச்சி சரியாக 10 கிலோமீட்டரில் விழும். நடு அட்சரேகையில் இது பொருத்தம். அங்கே வெப்பவடுக்கின் கூரை ஏறத்தாழ அவ்வுயரத்தில் இருக்கிறது, ஜெட் காற்றும் அங்கேதான் ஓடுகிறது. எட்டரைப் பாகை வட அட்சரேகையில் இருக்கும் திருவனந்தபுரத்தில் அந்தக் கூரை 16, 17 கிலோமீட்டரில் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் வெப்பமண்டலக் கீழைக்காற்று ஜெட் ஓடுவதும் 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில். அதுவும் மேற்கு நோக்கி. சமன்பாட்டிலோ 16.5 கிலோமீட்டரில் அந்த உறுப்பின் மதிப்பு அதன் உச்சத்தின் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. காற்றின் வேகத்தை 21-இலிருந்து 35 ஆக்கினால் மேடு உயரும், இடம் மாறாது. மேட்டை 10 கிலோமீட்டரில் ஆணியடித்து வைத்திருக்கிறார்கள்.

இதனால் என்ன கெட்டுப்போய்விடும் என்று கேட்கலாம். செயற்கைக்கோளிலிருந்து இறங்கும் கற்றையின் மினுமினுப்பில் ஒவ்வோர் அடுக்கின் பங்கும் அதன் உயரத்தின் ஆறில் ஐந்து அடுக்கால் எடையிடப்படுகிறது. அதே வலிமையுள்ள அடுக்கை 10-இலிருந்து 16 கிலோமீட்டருக்கு நகர்த்தினால் அதன் பங்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். தகவமைவு ஒளியியல் திருத்தம் செல்லுபடியாகும் கோணத்தைத் தீர்மானிப்பது உயரத்தின் மூன்றில் ஐந்து அடுக்கு. அங்கே எடை இரண்டு மடங்கையும் தாண்டிவிடுகிறது. தரைநிலையத்தின் தொலைநோக்கி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், திருத்தும் ஆடி எவ்வளவு வேகமாக அசைய வேண்டும், எத்தனை டெசிபெல் கூடுதல் ஆற்றலை ஒதுக்கி வைக்க வேண்டும் ஆகிய அனைத்தும் இவ்வெண்களிலிருந்தே பிறக்கின்றன. ஆய்வேட்டின் முடிவுரையோ பிழை வீதத்தை இரண்டாம் தசமத் தானம்வரை அறிவிக்கிறது.

தரையருகே நிலைமை இன்னும் மோசம். 1,550 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒரு கிலோமீட்டர் கிடைப்பாதையை எடுத்துக்கொண்டால், கொந்தளிப்பின் வலிமை 10⁻¹⁵ ஆக இருக்கையில் ரித்தோவ் மாறுபாடு 0.02, 10⁻¹⁴ ஆனால் 0.2, 10⁻¹³ ஆனால் 2. முதலாவதில் கற்றை ஏறக்குறைய அமைதியாகச் செல்கிறது. மூன்றாவதில் பெறுநிலையத்தில் ஒளி மின்மினிப் பூச்சியாகிவிடுகிறது. இந்த மூன்று நிலைகளும் ஒரே ஊரில், ஒரே நாளில், சூரியன் எழுந்து உச்சிக்கு வருவதற்குள் வந்து போகக்கூடியவை. சூரியன் எழுந்து சற்று நேரத்திலும், மறைவதற்குச் சற்று முன்னும் தரைக்கும் காற்றுக்கும் வெப்ப வேறுபாடு அற்றுப்போகும். அப்போது கொந்தளிப்பு அடங்கும். இது உள்நாட்டுச் சமவெளியின் நாட்குறிப்பு. பாலைவனத்தில் எடுத்த வரைபடங்கள் எல்லாம் இதையே அழகாகக் காட்டும்.

சங்குமுகம் முதல் தும்பை வரையிலான கரையில் இந்த நாட்குறிப்பு கலைந்துவிடுகிறது. முற்பகலில் கடற்காற்று புகுந்தவுடன், கடல்மேல் உருவான குளிர்ந்த ஈரக்காற்று வெந்த மணலின்மேல் ஏறுகிறது. கரையிலிருந்து உள்ளே செல்லச் செல்லத் தடித்துக்கொண்டே போகும் ஓர் உள்ளடுக்கு அங்கே உருவாகிறது. கரையோரத்தில் ஒரு முனையும் நகரத்து மேட்டில் மறுமுனையும் இருக்கும் ஒளியிணைப்பில், கற்றையின் ஒரு பகுதி அந்த அடுக்குக்குள்ளும் மறுபகுதி அதற்கு மேலும் செல்லும். பாதை முழுவதும் ஒரே கொந்தளிப்பு என்ற எடுகோள் இங்கே முதல் சில நூறு மீட்டரிலேயே உடைகிறது. இதோடு ஈரப்பதம் வேறு. கடலுக்குமேல் நீருக்கும் காற்றுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு சிறியது. ஆகவே ஈரப்பத ஏற்றத்தாழ்வும், அது வெப்ப ஏற்றத்தாழ்வோடு கொள்ளும் தொடர்பும் கணக்கில் நுழைகின்றன. அத்தொடர்பின் குறியைப் பொறுத்துக் கொந்தளிப்பு கூடவும் செய்யும், குறையவும் செய்யும். வறண்ட நிலத்து மாதிரிகளில் இதற்கு இடமே இல்லை. நியூ மெக்சிகோ பாலைவனத்து அளவீடுகளிலிருந்து வார்த்த மாதிரியைத் தென்னந்தோப்புக்கு மேல் கவிழ்த்தால் வருவது என்ன என்று யாராவது சொல்ல வேண்டும்.

கருவி இல்லை என்பதே வழக்கமான விடை. இந்த விடையை வேறு ஊரிலிருந்து சொன்னால் இரக்கப்படலாம். திருவனந்தபுரத்திலிருந்து சொல்ல நா கூச வேண்டும். சுவாதித் திருநாள் 1837-இல் வானாய்வுக்கூடம் நிறுவிய ஊர் இது. கால்டெகாட் அதன் முதல் இயக்குநர். அவருக்குப்பின் 1852-இல் வந்த ஜான் ஆலன் பிரௌன், நகரத்தில் எடுக்கும் காந்த, வானிலை அளவீடுகள் உயரத்தில் எப்படி மாறுகின்றன என்று அறிய விரும்பினார். விரும்பியவர் லண்டன் நூலகத்துக்குக் கடிதம் எழுதிச் சமன்பாடு கேட்கவில்லை. யானையும் அட்டையும் நிறைந்த காட்டினூடே கருவிகளைச் சுமக்கச் செய்து, 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியமலை உச்சியில் இன்னோர் ஆய்வுக்கூடம் கட்டினார். தமிழர் பொதிகை என்று போற்றும் அதே மலைத்தொகுதி. கீழும் மேலும் ஒரே காலத்தில் அளவெடுக்கப்பட்டது. மின்சாரம் இல்லாத காலம் அது என்பதை நினைவூட்டத் தேவையில்லை.

1963 நவம்பர் 21 அன்று தும்பையிலிருந்து எழுந்த முதல் ராக்கெட்டும் சுமந்தது சோடிய ஆவியைத்தான். அந்தியில் ஒளிர்ந்த அந்த முகிலை உயர்வளிக் காற்று இழுத்துக் கிழிப்பதை நிலத்திலிருந்து படமெடுத்து ஆராய்வதே நோக்கம். இந்திய விண்வெளித் திட்டத்தின் முதல் சோதனையே ஒளியைக் கொண்டு காற்றின் அசைவைப் படித்ததுதான். 1980-களில் இதே நகரத்து விண்வெளி இயற்பியலாளர்கள் ஆர்கான் லேசரை வானில் செலுத்தித் தூசுப்படலத்தை உயரவாரியாக அளந்து, பன்னாட்டு இதழ்களில் வெளியிட்டார்கள். லேசருக்கும் இவ்வூர் வானத்துக்கும் உள்ள அறிமுகம் இன்றைய முனைவர்பட்ட மாணவரின் வயதைவிட மூத்தது.

இன்று செய்யக்கூடியது என்ன? இந்திய வானிலைத் துறை திருவனந்தபுரத்திலிருந்து நாள்தோறும் கருவி கட்டிய பலூன் விடுகிறது. அந்தத் தரவு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வெப்பவடுக்கின் கூரை எந்த மாதம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று காண ஒரு மாலைப்பொழுது போதும். அந்தத் தரவிலிருந்து கொந்தளிப்பைக் கணிக்க டீவனும் உடனாய்வாளர்களும் 1993-இல் வழி சொன்னார்கள். அதன் கெழுக்களும் அமெரிக்க வானத்தில் பொருத்தப்பட்டவை என்பதால் அதுவும் முதற்படிதான். கொச்சியில் 205 மெகாஹெர்ட்ஸ் ராடார் இருக்கிறது, கடங்கியில் 53 மெகாஹெர்ட்ஸ் ராடார் இருக்கிறது. நீராவி அருகிய உயர்வளியில் அவற்றின் எதிரொலியை ஒளியியல் கொந்தளிப்பாக மாற்றிக்கொள்ளலாம். தரையருகே வெப்பப் பாய்வை அளக்க வானிலையாளர்கள் நிறுத்தும் ஒலிவழிக் காற்றுமானி விநாடிக்கு 10, 20 முறை வெப்பநிலையைப் பதிகிறது. வெப்ப ஏற்றத்தாழ்விலிருந்து ஒளிவிலகல் ஏற்றத்தாழ்வைப் பெறுவதற்குத் தேவை அழுத்தமும் வெப்பநிலையும் கொண்ட ஒற்றை வரிச் சூத்திரம். அந்தத் தரவு வேறொரு துறையின் கணினியில் வேறொரு பெயரில் கிடக்கிறது. கேட்டு வாங்க ஒரு மின்னஞ்சல் எழுத வேண்டும். மைஜர் சார்பைத் தொகையிடுவதைவிட அது கடினமான காரியமாகிவிட்டது போலும்.

ஆய்வகத்தில் ஒரு மீட்டர் கண்ணாடிப் பெட்டிக்குள் சூடேற்றியும் விசிறியும் வைத்துக் கொந்தளிப்பை உண்டாக்கும் மாணவர்களைப் பற்றி ஒரு சொல். பெட்டிக்குள் பெரிய சுழல் பிறக்க இடமில்லை. ஆகவே அது வெளிக்காற்று ஆகாது. ஆனாலும் அவர்கள் லேசரைத் தொட்டவர்கள். ஒளியுணரியின் இரைச்சலோடு போராடியவர்கள். இந்தத் துறையில் அவர்களே இப்போது சிறுபான்மை.

இரண்டாவது விடை இதழ்களைப் பற்றியது. ஊர் அளவீட்டை யார் வெளியிடுவார், புதிய பரவல் ஒன்றை முன்மொழிந்தால்தானே ஏற்கிறார்கள் என்பது. இதில் உண்மை உண்டு. ஒரு பரவலின் இரண்டு அளபுருக்களை நான்காக்கி, அதன்மேல் ஆளில்லா வானூர்தியை ஏற்றி, அதன்மேல் எதிரொளிக்கும் பரப்பைச் சேர்த்து, இணைப்பு அறுபடும் நிகழ்தகவுக்கு மூடிய வடிவம் கண்டால் கட்டுரை வெளிவந்துவிடும். அடுத்த ஆண்டு இன்னொருவர் ஐந்தாம் அளபுருவைச் சேர்ப்பார். ஆனால் இந்தத் தொழிற்சாலையை இயக்கியதில் இங்குள்ள வழிகாட்டிகளுக்கும் தேர்வாளர்களுக்கும் பங்கில்லையா? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிமுறை, முனைவர்பட்டத்துக்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கிவிட்டது. கட்டாயம் போனபின்னும் பழக்கம் போகவில்லையெனில், அதற்கு இதழ்களை மட்டும் குற்றஞ்சாட்ட முடியாது. ஐந்தாண்டு உழைத்த மாணவர் ஒருவர் பட்டம் பெற்று வெளியேறும்போது, சங்குமுகத்தில் மாலை ஐந்து மணிக்குக் கொந்தளிப்பு கூடுமா குறையுமா என்ற கேள்விக்கு அவரிடம் விடையில்லை. அவருடைய இளமையின் ஐந்தாண்டுகள் அவை.

மூன்றாவது விடை நேர்மையானது. திருவனந்தபுரத்தில் ஒளியிணைப்புக்கு முதல் எதிரி மேகமும் மழையும். இரண்டு பருவமழை பெறும் கரையில் கொந்தளிப்பு இரண்டாம் நிலைச் சிக்கல் என்பார்கள். சரியே. அப்படியானால் மேகமற்ற நேரம் ஆண்டில் எவ்வளவு, அந்த நேரத்தில் கொந்தளிப்பு எவ்வளவு என்ற இணைந்த கணக்கு வேண்டும். மேகம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, மேகமே இல்லாத ஹஃப்நாகல்–வேலி வானத்தில் கணக்குப் போடுவது எந்த வகை நேர்மை?

காலமும் நெருங்குகிறது. 2021 மார்ச்சில் இஸ்ரோ அகமதாபாதில் 300 மீட்டர் வெளியினூடே குவாண்டம் திறவுகோல் பகிர்வை இரவில் நிகழ்த்திக் காட்டியது. 2023 ஏப்ரலில் 6,003.65 கோடி ரூபாயில் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2,000 கிலோமீட்டர் இடைவெளியுள்ள தரைநிலையங்களைச் செயற்கைக்கோள் வழியே இணைப்பது அதன் இலக்குகளில் ஒன்று. 2025 ஏப்ரல் 13 அன்று கர்னூலில் 30 கிலோவாட் லேசர் ஆயுதம் சோதிக்கப்பட்டது. கர்னூல் வறண்ட பீடபூமி. கடலோரத்தில் அதே கற்றை எப்படிச் செல்லும் என்பது வேறு கேள்வி. பாதுகாப்புத் துறை அதற்கு விடை கண்டாலும் பல்கலைக்கழகத்தின் கைக்கு அது வரப்போவதில்லை. தரைநிலையங்களுக்கு இடம் தேர்ந்தெடுக்கும் குழு ஒருநாள் தென்கேரளக் கரைக்கான தரவைக் கேட்கும். அப்போது கையில் கொடுக்க நூற்றுக்கணக்கான நிகழ்தகவுச் சூத்திரங்கள் இருக்கும்.

லடாக்கின் ஹான்லேயில் தொலைநோக்கி அமைக்குமுன் இந்திய வான் இயற்பியலாளர்கள் அந்த வானத்தின் அமைதியை முதலில் அளந்தார்கள். பயன்பட்ட முறை எளியது. ஒரே தொலைநோக்கியின் வாயை மூடி இரண்டு துளைகள் இடுவது, ஒன்றில் மெல்லிய பட்டகம் வைப்பது, ஒரு விண்மீன் இரண்டாகத் தெரிவதை விரைவுக் கேமராவில் பதிவது. இரண்டு பிம்பங்களும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நடுங்குகின்றன என்பதிலிருந்து ஃபிரீட் நீளம் கிடைத்துவிடும். சரசின், ரொடியே இருவரும் 1990-இல் இதை முறைப்படுத்தினார்கள். தொலைநோக்கி நடுங்கினாலும் இரண்டு பிம்பங்களும் சேர்ந்தே நடுங்கும் என்பதால், விலையுயர்ந்த மேடையும் தேவையில்லை. அமெச்சூர் வானியலாளர்கள் மொட்டைமாடியில் வைத்திருக்கும் 20 சென்டிமீட்டர் தொலைநோக்கி இதற்குப் போதும். திருவனந்தபுரத்தில் டிசம்பர் பிற்பகுதி முதல் பிப்ரவரி முடியும்வரை இரவுகள் பெரும்பாலும் தெளிந்திருக்கும். கிடைப்பாதைக்கு ஒரு டையோடு லேசர், ஒரு குவிவில்லை, ஓர் ஒளியுணரி, ஒரு பதிவுப் பலகை. ஒரு பருவத்தில் விண்மீன், அடுத்த பருவத்தில் கடற்காற்று, இரண்டுக்கும் அருகே ஒரு வெப்பமானி; இவ்வளவோடு ஓர் ஆய்வேட்டின் மூன்றாம் இயல் நிரம்பிவிடும், அதன் அட்டவணையில் 21-க்கும் 1.7-க்கும் பதிலாக வேறு எண்கள் இருக்கும், அவற்றின் பக்கத்தில் தேதியும் நேரமும் எழுதப்பட்டிருக்கும்.